ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள்

கேள்வி: கேமராவின் மேலேயே ஃப்ளாஷ் மாட்டி எடுத்தால் முகம் வெளிறி, தட்டையாகத் தெரிகிறது. ஃப்ளாஷைத் தனியே வைத்து எடுக்கக் குறைந்த செலவில் வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ஒரே ஒரு மேனுவல் ஃப்ளாஷ், ரேடியோ டிரிகர், ஸ்டாண்டு, குடை மாட்டும் பிராக்கெட், ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். கோடாக்ஸ் டிடி600 ஃப்ளாஷில், டிரிகரின் சிக்னலை வாங்கும் ரிசீவர் உள்ளேயே இருப்பதால் அந்தச் செலவும் மிச்சம். டிரிகரை மட்டும் உங்கள் கேமரா கம்பெனிக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.

குடையை முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, நாலடி தூரத்தில் வையுங்கள். ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் பவர் 1/8. ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பவரை மட்டும் கூட்டிக் குறையுங்கள். மூக்கின் நிழல் கன்னத்தில் சாய்ந்து விழும். முகத்துக்கு உருவம் கிடைப்பது அந்த நிழலால்தான். எதிர்ப்பக்கம் ரொம்பக் கறுத்தால் இன்னொரு ஃப்ளாஷ் வாங்கிவிடாதீர்கள், ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை போதும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், நிழலும் கடுமையாகும். அதனால் படத்துக்குள் வராத அளவுக்குக் குடை நெருங்கியே இருக்கட்டும். வெளியில் எடுக்கும்போது ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டுங்கள். லேசான காற்றுக்கே குடை எல்லாவற்றையும் இழுத்துச் சாய்த்துவிடும்.