பைப் வேறு, டியூப் வேறு: பிளாஸ்டிக்கில் இனம் பிரித்தறிவோம்

ஸ்ரீமுஷ்ணம் வட்டார விவசாயிகள் மோட்டார் பைப், சொட்டுநீர் டியூப், யூரியா சாக்கு, நைலான் கயிறு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் என்றே சொல்வது வழக்கம். ஆனால் இவை வெவ்வேறு சரக்குகள். சிறு மூலக்கூறுகளை மணிமாலை போல் கோத்துச் செய்யப்படுவதால் இவற்றைப் பாலிமர் என்பர். மணி மாறினால் குணமும் மாறும்.

வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவைக் கோத்தால் பாலிதீன் கிடைக்கிறது. இது 1933ல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. சொட்டுநீர் டியூப், மூடாக்கு ஷீட் இவ்வினமே. டியூபில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில் கரி கலப்பதால்தான் அது கறுப்பாக இருந்து வெயிலைத் தாங்குகிறது.

பி.வி.சி. பைப்போ எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது உப்பிலிருந்து எடுக்கப்படுவது. மேட்டூரில் 1967லும், கடலூர் சிப்காட்டில் 2009லும் பி.வி.சி. ஆலைகள் தொடங்கப்பட்டன. வெயிலில் கிடந்தால் இந்தப் பைப் நொறுங்கும். ஆகவே டிராக்டர் கொழு எட்டாத ஆழத்தில், கல் இல்லாத மண்ணில் பதிக்கவும்.

யூரியா சாக்கு பாலிப்ரொப்பிலீன். வெயிலில் விட்டால் சில மாதங்களில் பொடிந்து மண்ணில் கலக்கும். நிழல் பந்தலுக்கு உதவாது.

இவையெல்லாம் வெல்லம்போல் சூட்டில் இளகி மறுபடி இறுகுபவை. மோட்டார் சுவிட்சில் உள்ள பேக்லைட், வெந்த முட்டை போன்றது, மீண்டும் இளகாது. உடைந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பைப் எந்த இனம் என்று தெரியவில்லையா? சிறு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் தண்ணீரில் அமிழ்த்திக் கையை எடுக்கவும். மிதந்தால் பாலிதீன் இனம். மூழ்கினால் பெரும்பாலும் பி.வி.சி. இது விளையாட்டல்ல. கடையில் விற்கும் பைப் பசை பி.வி.சி.யைக் கரைத்தே ஒட்டுகிறது, பாலிதீனில் பிடிக்காது. அதற்குச் சூடாக்கி இணைப்பதோ, இணைப்பான் போட்டு கிளாம்ப் வைத்து முறுக்குவதோதான் வழி. பாலிதீன் குழாயில் பசை தடவிவிட்டு, பசை போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு!

உடைந்த பி.வி.சி. பைப்பைச் சருகோடு சேர்த்து ஒருபோதும் கொளுத்தக் கூடாது. அதிலுள்ள குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகிக் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். டையாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகிச் சாம்பலாகப் புல்லில் படியும். அதை மேயும் பசுவின் பால் கொழுப்பில் அது சேரும்.

பழைய பைப்பையும் டியூபையும் தனித்தனியே கட்டிக் காயலான் கடைக்குப் போடவும். பாலிதீனோடு பி.வி.சி. கலந்தால் உருக்கும்போது முழுச் சரக்கும் கெட்டுவிடும்.