இறக்கிய பத்மினியின் பின்சக்கரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஞாயிறு அதிகாலையில் தானே–பேலாப்பூர் சாலையில் ஐரோலிப் பக்கம் நின்றால், எப்போதாவது ஒரு பிரீமியர் பத்மினி தரையை உரசுவதுபோல் கடந்து போகும். குர்லா தொழிற்சாலையில் பிறந்த வண்டி. மும்பையின் டாக்சி வரிசையிலிருந்து 2023 அக்டோபரில் விடைபெற்றுவிட்டது. ஆசைக்கு வைத்திருப்பவர்களிடம் மட்டும் உயிரோடிருக்கிறது. அதன் பின்பக்கத்தை இறக்குகிறவர்கள் சொல்லும் காரணங்களை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

“வண்டியை இறக்கினாலே பிடிமானம் கூடும்.”

வளைவில் இது உண்மை. எடைமையம் 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4 செ.மீ. இறக்கினால் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குத் தாவும் எடை ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். நேரே கிளம்பும்போது கணக்கு மாறிவிடும். பத்மினிக்கு இழுவை பின்சக்கரத்தில்தான், அதனால் முன்னிருந்து பின்னுக்குப் போகும் எடை அதற்குத் துணை. ஆட்களோடு 1000 கிலோ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 234 செ.மீ., புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு முடுக்கம் என்று போட்டால் 47 கிலோ பின்னுக்குப் போகும். இறக்கிய பிறகு 44 கிலோதான். கிளம்பும் பிடிமானத்தில் லாபமில்லை, சிறு நஷ்டம்.

“கிளம்பும்போது பின்பக்கம் நன்றாக உட்கார்ந்தால்தான் டயர் ரோட்டைப் பிடிக்கும்.”

கண்ணுக்குத் தெரிவதால் இதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். பின்னுக்குப் போகும் எடையைத் தீர்மானிப்பவை நான்கு: வண்டியின் மொத்த எடை, எடைமையத்தின் உயரம், அச்சுகளின் இடைவெளி, முடுக்கம். மேலே வந்த 47 கிலோ, ஸ்பிரிங் ஒரு விரல் அமுங்கினாலும் ஒரு சாண் அமுங்கினாலும் 47 கிலோதான். ஆனால் அமுங்கி அமுங்கி, அச்சைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ரப்பரில் போய் மோதினால் ஸ்பிரிங்கின் வேலை அங்கேயே நின்றுவிடும். அடுத்த குழியில் டயர் தரையை விட்டு எழும்பும். எழும்பிய டயருக்கு ஏது பிடிமானம்?

“இரண்டு பட்டையைக் கழற்றினால் போதும், செலவில்லாமல் இறங்கும்.”

பட்டறைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த யோசனைதான். பத்மினியின் பின் அச்சு ஒரே குழாய், இருபுறமும் பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்). அந்தப் பட்டைகள் எடையைச் சுமப்பதோடு அச்சை இடம் பிசகாமல் பிடிக்கின்றன, கிளம்பும்போது அது முறுக்கிக்கொள்ளாமலும் தடுக்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் பட்டை எஸ் வடிவில் வளையும், பிறகு விடுபடும், மறுபடி வளையும். சக்கரம் தட்டித் தட்டிக் குதிக்கும். அந்தக் குதிப்புக்கு டயரைக் குறை சொல்லிப் புது டயர் வாங்கியவர்கள் உண்டு.

இதைவிட, பட்டைக்கு மேலே அச்சு உட்காரும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே உலோகக் கட்டை வைத்து இறக்குவது நல்லது. கட்டை வைத்தால் அச்சு அதிகமாக முறுக்கும் என்று பயப்படுவார்கள். அது பட்டையை அச்சுக்கு மேலே வைத்து உயர்த்திய ஜீப்புகளின் அனுபவம். அங்கே பட்டை தரையிலிருந்து விலகுகிறது. இங்கே பட்டை தரையை நெருங்குவதால் முறுக்கு விசை குறையவே செய்யும். கவனிக்க வேண்டியது யூ போல்ட்டின் நீளமும் இறுக்கமும், சென்டர் போல்ட் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும். கட்டை மேல் கட்டை அடுக்கவே கூடாது.

மூன்றாவது வழி, பட்டையின் வளைவைத் தட்டிக் குறைப்பது. வளைந்த பட்டையில், வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் மேலேறிச் சற்றுப் பின்னுக்கு நகரும். அச்சு லேசாக வெளிப்பக்கம் திரும்பி, வால் வீசப் பார்க்கும். பட்டை தட்டையானால் அந்த நகர்வு கிட்டத்தட்ட மறையும். தட்டையைத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைந்தால் வெளிச்சக்கரம் முன்னுக்கு நகர்ந்து, மூக்கு அகலமாகப் போகும். “பின்னால் பிடிமானம் கூடிவிட்டது, வால் வீசவில்லை” என்று சொல்கிறவர்கள் பல நேரம் உணர்வது இந்தத் திரும்பலைத்தான். டயரின் பிடிமானம் கூடியிராது.

“பின்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் வைத்தால் ஒட்டிக்கொண்டு ஓடும்.”

எந்த வண்டி என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் செய்த ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அரை அச்சுகளில் இருந்தன. இறக்கினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும்; நெகட்டிவ் கேம்பர் என்பது இதுதான். அது அந்த வண்டிக்கு நல்லதே செய்தது, ஏனென்றால் உயர்ந்து நின்றால் வளைவில் சக்கரம் உள்ளே மடங்கும் அபாயம் இருந்தது. சோழவரம் ஓடுதளப் பந்தயங்களில் ஹெரால்டும் பத்மினியின் முன்னோடியான ஃபியட்டும் சேர்ந்தே ஓடின. ஒன்றின் வைத்தியம் மற்றதற்குப் பொருந்தாது. 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் ஒரே குழாய் அச்சாகிவிட்டது. பத்மினியும் அப்படித்தான். கேம்பர் வேண்டுமென்றால் குழாயையே வளைக்க வேண்டும். தயவுசெய்து வளைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அச்சு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு முன்சக்கர அலைன்மென்ட்டுக்குப் போங்கள். பின் ஷாக் அப்சார்பரின் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் டேக்கை இறுக்கி, அதை உறைவிளிம்பு வரை தள்ளி வையுங்கள். ஐரோலியின் வேகத்தடைகளில் வழக்கமான ஆட்களோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். டேக் கம்பியின் கடைசி வரை ஏறி நின்றால், வண்டியை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள், ஒரு செ.மீ. உயர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.