முன்னோட்டத்திற்கு எவ்வளவு தெளிவு வேண்டும்?

திட்டப்பணிக்காகக் காணொளி தயாரிக்கும் மாணவர்கள் பலரும் படத்தொகுப்பின்போது ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். வெட்டி இணைத்த காட்சியை ஓடவிட்டால், ஒலி தடையின்றிக் கேட்கிறது. படமோ விட்டுவிட்டு நகர்கிறது. உடனே கணினியைக் குறை சொல்லத் தோன்றும். பெரும்பாலும் முன்னோட்ட அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தாலே போதும்.

காணொளி என்பது அடுத்தடுத்து வரும் தனிப்படங்களின் வரிசை. 1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 30 படங்கள் என்றால், ஒரு படத்தை உருவாக்கக் கணினிக்குக் கிடைப்பது நொடியில் முப்பதில் ஒரு பங்குதான். அதற்குள் கோப்பைப் படித்து, நிறத்தைத் திருத்தி, எழுத்தையும் மேலே பதிக்க வேண்டும். 3840 × 2160 அளவில், அதாவது 4கே தரத்தில், பதிவு செய்திருந்தால் புள்ளிகள் நான்கு மடங்காகும். நேரம் மட்டும் கூடாது. வேலை முடியாதபோது மென்பொருள் சில படங்களைக் காட்டாமலே தாண்டிவிடுகிறது.

தெளிவைப் பாதியாக்கினால் அகலமும் உயரமும் பாதியாகும். எனவே புள்ளிகள் கால் பங்காகிவிடும். பிரீமியர் புரோவில் காட்சித் திரையின் கீழேயே முழு, பாதி, கால் எனத் தேர்ந்தெடுக்கலாம். இலவச மென்பொருளான ஷாட்கட்டிலும் இதற்கான வசதி உண்டு.

மங்கலான படத்தைப் பார்த்து எப்படித் தொகுப்பது? தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி ஒருவரை நீங்கள் நேர்காணல் செய்ததாக வைத்துக்கொள்வோம். தோட்டத்தை விட்டு வந்த நாளைப் பற்றிக் கேட்டதும் அவர் இரண்டு நொடி பேசாமல் இருக்கிறார். பிறகுதான் பதில் வருகிறது. முன்னோட்டம் சீராக ஓடினால் அந்த மௌனம் உங்களுக்குப் புரியும். தடுமாறி ஓடினால், படம் உறைந்து நின்றதாக எண்ணி அந்த இரண்டு நொடியை வெட்டி எறிந்துவிடுவீர்கள். முகச் சுருக்கங்கள் கூர்மையாகத் தெரியாவிட்டாலும் வெட்டும் இடத்தைக் கணிக்க முடியும். நேரம் பிசகினால் முடியாது. துணைத்தலைப்பின் எழுத்தையோ படத்தின் கூர்மையையோ சரிபார்க்கும்போது முழுத் தெளிவுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்குப் படத்தை நிறுத்தி வைத்தே பார்க்கலாமே!

விளைவுகள் பலவற்றை அடுக்கிய பகுதி, தெளிவைக் குறைத்தாலும் தடுமாறக்கூடும். அப்பகுதியை மட்டும் முன்கூட்டியே உருவாக்கி வைக்கலாம். இதையே ரெண்டர் செய்தல் என்பர். பிரீமியரின் காலக்கோட்டில் சிவப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பகுதி சீராக ஓடாமல் போகலாம். ரெண்டர் செய்தபின் கோடு பச்சையாகும். பிறகு அங்கே ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மறுபடியும் ரெண்டர் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே, பாதி முடிந்த காட்சியில் இதற்காகக் காத்திருப்பது வீண்.

திரையில் தெளிவைக் குறைப்பதால் இறுதிக் காணொளியின் தரம் குறையாது. ஆனால், அதை வெளியிடும் கட்டத்தில் முன்னோட்டக் கோப்புகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கும். அக்கோப்புகளைக் குறைந்த தரத்தில் உருவாக்கியிருந்தால் அந்தப் பெட்டியில் குறியிடாதீர்கள்.