செல்போன் கேமரா: எந்த ஆப்புக்கு அனுமதி, எதற்கு இல்லை?



போன மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு உறுப்பினர் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் அழுதுவிட்டார். "மதினி, என் போட்டோவை எவனோ அசிங்கமா மாத்தி, எங்க வீட்டு ஆளுகளுக்கெல்லாம் அனுப்பிட்டான். கொழுந்தன் போனுக்குக்கூட வந்திருக்கு."

நாலு பேருக்குப் பயன்படட்டும், எழுதுங்க என்று அவரே சொன்னார். பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்.

அவருக்குப் பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளி முடிந்ததும் ஆலை பூட்டிவிடும், மறுபடி திறக்கிற வரைக்கும் கையில் காசு இருக்காது. இது நம் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதைதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்ட பிறகு இருந்த வேலையும் சுருங்கிப் போச்சு. மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். குழுவில் பழைய கடன் பாக்கி இருந்ததால் மறுபடி கேட்கக் கூச்சம். அந்த நேரத்தில் போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது: ஐந்தே நிமிடத்தில் கடன், ஜாமீன் வேண்டாம்.

கேட்டது 5,000 ரூபாய். வங்கிக் கணக்கில் ஏறியது 3,200. ஏழாம் நாள் 5,000 திருப்பிக் கட்ட வேண்டும். ஆறாம் நாளே மிரட்டல் ஆரம்பித்துவிட்டது.

"ஆப்பை ஏத்தும்போது உங்ககிட்ட என்னென்ன கேட்டுச்சு?" என்றேன்.

"ஏதேதோ கேட்டுச்சு மதினி. கேமரா, போட்டோ, போன் நம்பருக எல்லாம். நானும் எல்லாத்துக்கும் 'அலோ'ன்னு அமுக்கிட்டேன். அமுக்கலேன்னா அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குதே!"

இந்த மாதப் பாடமே அந்த 'அலோ' பட்டன்தான்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்தது அல்ல. கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் கிடந்த 2020-இல் இந்தக் கடன் ஆப்கள் நாடு முழுக்கப் பெருகின. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை போலீசார் பெங்களூருவில் வைத்து இப்படி ஆப் நடத்திய கும்பலைப் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் சீன நாட்டுக்காரர்கள். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களில் தேடிப் பார்த்தபோது சுமார் 1,100 கடன் ஆப்கள் அகப்பட்டன. அதில் 600 சட்டவிரோதமானவை. பாதிக்கு மேல் திருட்டுச் சரக்கு!

அதன் பிறகு 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி ரிசர்வ் வங்கி விதிமுறை கொண்டு வந்தது. கடன் கொடுக்கும் ஆப், நம் போனில் உள்ள படங்களையோ, போன் நம்பர் பட்டியலையோ, யார் யாருடன் பேசினோம் என்ற விவரத்தையோ தொடக் கூடாது. கேமராவை, நீங்கள்தான் கடன் கேட்கிறீர்கள் என்று உறுதி செய்ய, உங்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு தடவை பயன்படுத்தலாம். இதை நன்றாக மனதில் வையுங்கள். சட்டப்படி நடக்கிற கடன் ஆப்புக்கே கேமரா ஒரு தடவைதான்! 2023 மே 31 முதல் கூகுள் நிறுவனமும் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் ஆப்கள் படங்களையும் நம்பர் பட்டியலையும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே இப்போது ஒரு கடன் ஆப் உங்கள் நம்பர் பட்டியலைக் கேட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமே இல்லை, அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் லிங்க்கில் வருகிற ஆப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள். பிளே ஸ்டோர் கட்டுப்பாடு எதுவும் அதற்குக் கிடையாது.

சரி, அனுமதி என்றால் என்ன? போன் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஒரு அறை, மைக் ஒரு அறை, படங்கள் இருக்கிற இடம் ஒரு அறை, நம்பர் பட்டியல் ஒரு அறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி. கேமரா சாவி கொடுத்தால் புதிதாகப் படம் எடுக்க முடியும். ஏற்கெனவே எடுத்து வைத்த படங்களைப் பார்க்க அது போதாது, அதற்குத் தனிச் சாவி வேண்டும். நம் உறுப்பினர் எல்லாச் சாவியையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டார். முகத்தைக் கேமராவில் எடுத்தான், அனுப்ப வேண்டிய ஆட்களை நம்பர் பட்டியலில் எடுத்தான்.

கேமரா கேட்கிறபோது இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று வரி வரும். ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் என்பது ஒன்று. இந்த ஒரு முறை மட்டும் என்பது இரண்டாவது. அனுமதிக்க வேண்டாம் என்பது மூன்றாவது. போனுக்குப் போன் வார்த்தை கொஞ்சம் மாறும். சந்தேகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடு வரியை அமுக்குங்கள். வேலை முடிந்து ஆப்பை மூடியதும் சாவி தானாகத் திரும்பி வந்துவிடும், அடுத்த தடவை அது மறுபடி நம்மிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-லிருந்து இந்த வசதி உண்டு.

கேமரா கேட்கிற ஆப் எல்லாமே திருட்டு ஆப் என்றும் நினைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வெளியூர் மகனைப் பார்த்துப் பேசக் கேமரா வேண்டும். ஜிபே, போன்பே ஆப்பில் கடைக்காரர் அட்டையை ஸ்கேன் பண்ண வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலையில் தினம் இரண்டு தடவை படம் எடுத்து வருகை போட்டார்களே, அந்த ஆப்புக்கும் கேமரா இல்லாமல் முடியாது. ஆனால் தமிழ் காலண்டருக்குக் கேமரா எதற்கு? ரிங்டோன் ஆப்புக்கு எதற்கு? விடிகாலை ஆலை வேன் பிடிக்கப் போகும்போது வெளிச்சத்துக்கு என்று சிலர் டார்ச் ஆப் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். பழைய போனில் அந்த விளக்கு கேமராவோடு சேர்ந்தது, அதனால் டார்ச் ஆப் கேமரா அனுமதி கேட்டது. இப்போது திரையை மேலிருந்து இழுத்தாலே போனின் சொந்த டார்ச் இருக்கிறது. தனி ஆப் தண்டச் சுமை.

ஏற்கெனவே கொடுத்த சாவியை வாங்கவும் முடியும். செட்டிங்ஸ் உள்ளே போங்கள். பிரைவசி என்று ஒரு வரி இருக்கும், சில போனில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசி என்று இருக்கும். அதற்குள் பெர்மிஷன் மேனேஜர். அதில் கேமராவைத் தொட்டால், எந்தெந்த ஆப்பிடம் கேமரா சாவி இருக்கிறது என்று மொத்தப் பட்டியலும் வந்துவிடும். வேண்டாத பெயரைத் தொட்டு, அனுமதிக்க வேண்டாம் என்று மாற்றுங்கள். கான்டாக்ட்ஸ், போட்டோ பட்டியலையும் இதே மாதிரி பாருங்கள். செட்டிங்ஸ் தேடுவது சிரமம் என்றால் வேறு வழி இருக்கிறது: ஆப் படத்தின் மேல் விரலை அமுக்கிப் பிடியுங்கள், ஆப் இன்ஃபோ என்று வரும், அதற்குள்ளும் பெர்மிஷன்ஸ் உண்டு. எங்கள் குழுவில் ஒரு சித்தியின் போனில் இருபத்து மூன்று ஆப்களிடம் கேமரா சாவி இருந்தது. "நான் இத்தன பேரையா வீட்டுக்குள்ள விட்டு வச்சிருக்கேன்?" என்றார். கடைசியில் நாலுதான் மிஞ்சியது.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஆண்ட்ராய்டு 12, அதற்குப் பிறகு வந்த போன்களில் ஏதாவது ஆப் கேமராவையோ மைக்கையோ திறந்தால் திரையின் மேல் வலது மூலையில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். நீங்கள் படம் எடுக்காத நேரத்தில், வீடியோவில் பேசாத நேரத்தில் பச்சை எரிந்தால் திரையை மேலிருந்து இழுத்து அந்தப் புள்ளியைத் தொடுங்கள், எந்த ஆப் என்று காட்டிவிடும்.

ஆலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து இருக்கிற இடத்துக்குப் போன் கொண்டு போகக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அதனால் பகல் முழுக்கப் போன் வாசலிலோ வீட்டில் பிள்ளைகள் கையிலோ இருக்கிறது. திரைப் பூட்டு போடாத போனில் யார் வேண்டுமானாலும் 'அலோ' அமுக்கலாம். விளையாட்டு ஆப் ஏற்றுகிற பிள்ளை எதையும் வாசித்துப் பார்க்காது. பூட்டு போடுங்கள், ஏற்றுவதாக இருந்தால் அம்மா வந்த பிறகு ஏற்று என்று சொல்லி வையுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாவியைத் திரும்ப வாங்கினாலும், ஆப்பையே அழித்தாலும், அதற்கு முன்னால் அவன் எடுத்துக்கொண்டு போன படமும் நம்பரும் அவனிடமே இருக்கும். நம் உறுப்பினர் மிரட்டல் வந்ததும் முதல் வேலையாக ஆப்பை அழித்தார். அதனால் படம் போவது நிற்கவில்லை, கையில் இருந்த ஆதாரமும் போச்சு. அந்த மாதிரி ஆகிவிட்டால் வந்த மிரட்டல், நம்பர், பணம் ஏறிய விவரம் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு 1930 என்ற எண்ணுக்கு போன் பண்ணுங்கள், காசு கிடையாது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். மாவட்டத்தில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. இன்னும் கொஞ்சம் கட்டினால் விட்டுவிடுவான் என்று நம்பி நம் உறுப்பினர் இரண்டு தடவை கட்டினார். இரண்டு தடவையும் தொகை ஏறியதே தவிர, மிரட்டல் குறையவில்லை.

நானும் கூட்டமைப்புச் செயலாளரும் அவரோடு போய்ப் புகார் கொடுத்தோம். ரசீது கையில் இருக்கிறது, விசாரணை நடக்கிறது. கொழுந்தன் விஷயம்தான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. கேட்டால் அந்த மனுஷன் படத்தைப் பார்த்த உடனே அழித்துவிட்டு, "அண்ணிக்கு என்ன கஷ்டமோ"ன்னு வீட்டு அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் பத்து நாள் தூங்காமல் கிடந்திருக்க வேண்டாம்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. மூவாயிரம் ரூபாயைக் குழுவில் கேட்கக் கூச்சப்பட்டு, முகம் தெரியாதவனிடம் முகத்தைக் கொடுத்திருக்கிறார். பாக்கி வைத்தவர்களை நாம் கூட்டத்தில் எப்படிப் பேசுகிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். அவசரக் கடனுக்குத் தனியாக ஒரு சிறு தொகை ஒதுக்குவது பற்றி இந்த மாதக் கூட்டத்தில் பொருள் வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு எல்லாரும் போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியும். பெர்மிஷன் மேனேஜரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.