சில இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லையா?



கல்வி உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, தேர்வு முடிவு, ஹஜ் விண்ணப்பம் என இன்று எல்லாமே இணையதளம் வழியாகத்தான். கடைசித் தேதி நெருங்கும்போது பிள்ளை கணினி முன் உட்காருகிறது. யூடியூப் ஓடுகிறது, கூகுள் வருகிறது. விண்ணப்பிக்க வேண்டிய தளம் மட்டும் வரவில்லை. ‘தளத்தையே மூடிவிட்டார்கள் போலிருக்கிறது’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கணினி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் சென்று, விண்டோஸை மறுபடி ஏற்றப் பணம் கொடுத்து, சேமித்து வைத்த சான்றிதழ் நகல்களையும் இழப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டுக்கும் அவசியம் இல்லை. மற்ற தளங்கள் திறந்து, ஒரு சில மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் கோளாறு இருக்கலாம். அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

பெயரும் எண்ணும்

நம் பரங்கிப்பேட்டைக்குப் போர்ட்டோ நோவோ என்றும் மஹ்மூது பந்தர் என்றும் பெயர்கள் உண்டு. எந்தப் பெயரால் அழைத்தாலும் அதன் பின்கோடு 608502 தான். சிதம்பரத்துக்கு 608001, கடலூருக்கு 607001. நமக்குப் பெயர் நினைவில் நிற்கும். தபால் பிரிப்பவருக்கு எண் போதும். இணையமும் அப்படித்தான். நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். கணினிக்கோ அந்தத் தளத்தின் ஐ.பி. எண் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர்.

தொடக்க காலத்தில் இந்தப் பட்டியல் ஒரே கோப்பாக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. மற்றவர்கள் அதை நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஆனால் பழைய பட்டியலின் வாரிசாக ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு கோப்பு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. வெளியே கேட்பதற்கு முன் கணினி இந்தக் கோப்பில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரிசையாகச் சோதியுங்கள்

1. தளத்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தாமல், அரசு அறிவிப்பில் உள்ள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

2. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் திறக்கவில்லை என்றால் கோளாறு தளத்தின் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். கடைசி நாளில் கூட்டம் நெரிந்து திணறும் தளங்கள் உண்டு. இரவு வெகுநேரம் கழித்தோ ஃபஜ்ருக்குப் பிறகோ முயலுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் முறையிட உதவும்.

3. டேட்டாவில் திறந்தால், அதே கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். வைஃபையிலும் திறந்தால் கோளாறு கணினியில். வைஃபையில் திறக்காவிட்டால் கோளாறு ரௌட்டரிலோ இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் பக்கமோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. ஆனால் கணினியைக் கடைக்குத் தூக்க வேண்டுமா வேண்டாமா என்பதை இதுவே சொல்லிவிடும்.

4. திரையில் வரும் செய்தியைப் படியுங்கள். தளத்தின் ஐ.பி. முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் அது பெயர்க் கோளாறு. இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அதனாலும் இந்தச் செய்தி வரும். தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால், அந்தப் பக்கத்தில் எதையும் நிரப்பாதீர்கள்.

5. கணினி, ஒருமுறை கேட்டறிந்த எண்ணைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். தளம் வேறு எண்ணுக்கு மாறியிருந்தால் பழைய எண்ணிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கும். ரௌட்டரை அணைத்துப் போடுங்கள். கணினிக்கு ‘ஷட் டவுன்’ அல்ல, ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். இன்றைய விண்டோஸில் ரீஸ்டார்ட்தான் முழுமையான மறுதொடக்கம்.

6. அதற்கும் சரியாகவில்லை என்றால் எண் சொல்லும் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் டி.என்.எஸ். என்ற இடத்தில் ‘மேனுவல்’ என்று மாற்றி, 8.8.8.8 மற்றும் 8.8.4.4 என்று கொடுக்கலாம். இவை 2009 முதல் கூகுள் இலவசமாக நடத்திவருபவை. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 மற்றொன்று. மாற்றுவதற்கு முன் அங்கே இருந்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரசு உத்தரவால் தடுக்கப்பட்ட தளங்களின் விஷயம் வேறு. அதற்கு இந்த வழியைத் தேடாதீர்கள்.

7. கணினியில் மட்டும் கோளாறு நீடித்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்க வேண்டும். அது சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற வரிசையில் உள்ளே இருக்கிறது. # குறியுடன் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம்தான். அப்படி இல்லாத வரியில் ஒரு தளத்தின் பெயரும் அதற்கு முன் 127.0.0.1 போன்ற எண்ணும் இருந்தால், கணினி அந்தத் தளத்தை வெளியே தேடவே தேடாது. திருட்டு மென்பொருள்கள் இப்படி எழுதிவைப்பது உண்டு. விவரம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். பிறகு வைரஸ் சோதனையும் செய்யுங்கள்.

ஏன் அலட்சியம் கூடாது?

பெயருக்கு எண் சொல்பவரே பொய் சொன்னால் என்ன ஆகும்? அது நடந்திருக்கிறது. ‘டிஎன்எஸ் சேஞ்சர்’ என்ற தீய மென்பொருள் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்து, அவற்றின் டி.என்.எஸ். அமைப்பை மோசடிக்காரர்களின் சர்வர்களுக்குத் திருப்பிவிட்டது. சரியான பெயரைத் தட்டச்சு செய்தவர்களும் அவர்கள் காட்டிய பக்கத்துக்குப் போனார்கள். சில ரௌட்டர்களின் அமைப்பையும் அது மாற்றியது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் 6 பேர் கைது செய்யப்பட்டனர். பாதிக்கப்பட்டவர்களின் இணையம் ஒரேயடியாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அமெரிக்க நீதிமன்ற உத்தரவின்படி நல்ல சர்வர்கள் மாற்றாக வைக்கப்பட்டன. 2012 ஜூலை 9 அன்று அவையும் நிறுத்தப்பட்டன. அதுவரை கணினியைச் சரிசெய்யாதவர்களில் பலருக்குத் தளங்கள் பெயரால் திறக்கவில்லை.

ஆகவே ரௌட்டருடன் வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைக்காமல் மாற்றுங்கள். தளம் திறக்கவில்லை என்பதற்காக ‘நான் போட்டுத் தருகிறேன்’ என்று வரும் முன்பின் தெரியாதவரிடம் ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் கொடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் நாம் கொடுப்பதைப் பிறகு திரும்ப வாங்க முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல் இருப்பது. மேலே சொன்ன ஏழு சோதனைகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து நாள் முன்பே உட்கார்ந்தால் அது பெரிய விஷயம் அல்ல. கடைசி இரவில் அந்த ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்பைக் கொண்டுபோய்விடும்.

முடியாதவர்கள் அலுவலக நேரத்தில் நம் அறக்கட்டளைக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், உடன் அமர்ந்து பார்த்துத் தருகிறோம். ஆனால் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யை எங்களிடமும் சொல்ல வேண்டாம். நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

• டேட்டாவில் திறந்து, வீட்டு வைஃபையில் திறக்காத தளம்: கோளாறு எங்கே?
• கணினியின் தேதி தவறாக இருந்தால் என்ன செய்தி வரும்?
• ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்கும் ஒரு வரி எப்படி ஒரு தளத்தைத் தடுக்கிறது?