மயங்கிக் கிடந்த உடம்பும் அழும்

பித்தப்பைக் கல்லுக்காகக் கல்முனையில் ஒப்பரேஷன் செய்துகொண்ட அன்று பின்னேரம், கண் விழித்ததும் முதலில் கண்டது தங்கச்சியின் முகத்தை. ஈரத்துணியால் என் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அழுதிருக்கீங்க ராத்தா. கண்ணோரமெல்லாம் காஞ்சி கெடக்கு."

அழுத ஞாபகம் எனக்குத் துளியும் இல்லை. தியேட்டரில் மயக்குகிற டொக்டர் பால்போல வெள்ளையான மருந்தைக் கையில் ஏற்றினார். ஏறிய இடம் எரிந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லத் தொடங்கினேன், முடித்தேனா தெரியாது. அதற்கு அடுத்தது தங்கச்சியின் முகம்தான். அப்படியென்றால் அந்தக் கண்ணீர் எப்படி வந்தது? கிட்டங்கியைக் கடந்து சவளக்கடைக்கு வந்து சேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தையல் காட்டப் போன நாளில் அந்த டொக்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் நின்று, பொறுமையாக விளக்கினார்.

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க டீச்சர். ஆனா ஒங்கட ஒடம்பு சும்மா இருக்கல்ல. கத்தி வைக்கக்குள்ள நெஞ்சடிப்புக் கூடும், பிரஷர் ஏறும், வேர்க்கும், சிலபேருக்குக் கண்ணால தண்ணி வரும். அதப் பார்த்துப் பார்த்துத்தான் நாங்க நோவு மருந்தக் கூட்டுற."

கண் உலர்ந்து உறுத்தினாலும் நீர் வரும், எல்லாக் கண்ணீரும் நோவினால் வருவதல்ல என்றும் சொன்னார். என் கண்ணீர் எந்த வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குத் தொடங்கிய வாசிப்பு, நோவைப் பற்றி நான் நினைத்திருந்ததையெல்லாம் மாற்றிவிட்டது.

நாம் "நோகுது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வைத்தியர்கள் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தோல் வெட்டுப்பட்டதும் மெல்லிய நரம்புகள் அந்தச் செய்தியை முள்ளந்தண்டுக்குள் கொண்டுபோகின்றன. அங்கிருந்து அது மூளைத்தண்டுக்கும், மூளையின் நடுவிலுள்ள தலமஸுக்கும் ஏறுகிறது. இதுவரைக்கும் அது காயத்தின் அறிவிப்பு மட்டுமே. மூளையின் மேற்பட்டையில் பல பகுதிகள் தமக்குள் செய்தி பரிமாறி, "இது எனக்கு நடக்கிறது" என்று உணரும்போதுதான் அது நோவாகிறது. மயக்க மருந்து குலைப்பது முக்கியமாக அந்தப் பரிமாற்றத்தை. கீழிருந்து வரும் அறிவிப்பு முற்றாக நின்றுவிடுவதில்லை. மூளைத்தண்டு அதைக் கேட்டு இதயத்தை விரட்டுகிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. மயங்கியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளிலும், நோவுத் தூண்டலுக்குச் சில பகுதிகள் பதில் கொடுப்பது தெரிந்திருக்கிறது.

1993 இல் கலிபோர்னியாவில் ஆடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மயக்க வாயு மூளைக்கு மட்டும் போகும்படி இரத்த ஓட்டத்தைப் பிரித்தார்கள். நோவுக்கு ஆடு அசையாமலிருக்க வழமையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து தேவைப்பட்டது. வெட்டும்போது உடம்பு துள்ளாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முள்ளந்தண்டு அடங்கிப்போவதுதான், மூளை அல்ல.

1846 இல் பொஸ்டனில் ஈதரைக் காட்டிய காலத்தில் தூக்கம், மறதி, நோவின்மை, அசையாமை எல்லாவற்றையும் ஒரே மருந்திடம் எதிர்பார்த்தார்கள். இப்போது தூங்க ஒன்று, நோவை அடக்க பென்டனில், மோர்பின் போல ஒன்று, தசையைத் தளர்த்த வேறொன்று. தசை தளர்த்தும் மருந்து 1942 இல் மொன்றியலில் பழக்கத்துக்கு வந்தது. அது வயிற்றுச் சத்திரசிகிச்சையைச் சுலபமாக்கியது. கூடவே ஒரு கவலையையும் கொண்டுவந்தது. உள்ளே விழிப்பு வந்தாலும் நோயாளியால் விரலை அசைத்துக் காட்ட முடியாது. 1977 இல் டன்ஸ்டல் என்ற வைத்தியர் இதற்கு ஒரு வழி கண்டார். தசை மருந்து போகுமுன் ஒரு கையில் பட்டி கட்டி, அந்த மருந்து கைக்குப் போகாமல் தடுத்துவிட்டு, "கையை அழுத்துங்கள்" என்று சொல்லிப் பார்ப்பது. மயங்கிய சிலர் அழுத்தினார்கள். அவர்களில் அனேகருக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. ஞாபகமில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது என்பதை நான் இதிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

பயப்படுத்த இதை எழுதவில்லை. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் எடுத்த பெரிய கணக்கெடுப்பு 2014 இல் வெளிவந்தது. நடுவில் விழித்ததாகப் பிறகு சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒருவர்தான். முழு மயக்கத்தில் நடந்த சிசேரியன்களில் மட்டும் அது 670க்கு ஒன்று. அப்படி ஏதாவது நினைவிருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். கனவு என்று மற்றவர்கள் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

முள்ளந்தண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயத்தின் அறிவிப்பு ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அங்குள்ள நரம்புக் கலங்கள் கூர்மையாகி, சிறு தொடுகையைக்கூட நோவாக அனுப்பத் தொடங்கும் என்று கிளிபர்ட் வூல்ப் 1983 இல் காட்டினார். தூங்குகிறவருக்கு எதற்கு நோவு மருந்து என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எனக்குத் துளை போட்ட இடங்களில் விறைப்பு ஊசி போட்டார்கள், மலவாசலில் மருந்து வைத்தார்கள். இந்த இரண்டாவதை நம்முடைய பெண்கள் வெட்கத்தால் மறுப்பதை வார்ட்டில் கண்டேன். மறுக்க வேண்டாம். வாயால் எதுவும் குடிக்க முடியாத நேரத்தில் நல்ல உதவி அது.

ஒப்பரேஷனுக்கு முந்திய நாள் மயக்குகிற டொக்டர் கேள்வி கேட்க வருவார். அந்தப் பத்து நிமிஷம் பெறுமதியானது. பிரஷர் குளிசை, வழமையாகப் போடும் நோவுக் குளிசை, தூக்கக் குளிசை, ஆடுகிற பல், முந்திய ஒப்பரேஷனில் பட்ட கஷ்டம், எதையும் மறைக்காதீர்கள். வருஷக்கணக்காக வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்குச் சிலவேளை வாய் முழுதாகத் திறக்காது. மூச்சுக்குழாய் வைக்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பது ஆபத்து. விரலில் ஒக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்டுவதால் நகப்பூச்சையும் கழற்றிவிட்டுப் போங்கள். சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறுந்தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. ஆஸ்பத்திரியில் சொல்லும் நேரத்தை அப்படியே பிடியுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் அது.

துளை போட்டுச் செய்யும் ஒப்பரேஷன் என்றால் அடுத்த நாள் தோள்மூட்டு நோகலாம். நான் மாரடைப்பென்று பயந்தேன். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்த, அதன் நரம்பும் தோளின் நரம்பும் முள்ளந்தண்டில் ஓரிடத்தில் சேர்வதால், மூளை அதைத் தோளின் நோவாக எடுத்துக்கொள்கிறதாம். இரண்டு மூன்று நாளில் போய்விட்டது.

உம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நாங்கள் எல்லோரும் "சபூர் செய்ங்க உம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அவர் பல்லைக் கடித்துக் கிடந்தார். நோவில் இழுத்து மூச்சு விடவில்லை, இருமவில்லை. நாலாம் நாள் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, வீட்டுக்குப் போகவேண்டியவர் இன்னும் ஒன்பது நாள் வார்ட்டில் கிடந்தார். அன்று நாங்கள் சொன்ன புத்தி பிழை. வருத்தத்தைச் சொல்லி மருந்து கேட்பது சபூருக்கு மாறானதல்ல.

ஆகவே, நோவு 10க்கு எத்தனை என்று நர்ஸ் மிஸ் கேட்டால், பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் குறைத்துச் சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.