திட்டினால்தான் திருந்துவோமா?

தவறு செய்தால் பல நாள் என்னையே திட்டிக்கொள்கிறேன். மன்னித்துவிட்டால் சோம்பேறியாகிவிட மாட்டேனா?
— வாசகி, தஞ்சாவூர்

ஆக மாட்டீர்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் சந்தேகத்தைப் பற்றியதுதான். கடினமான சொல்லறிவுத் தேர்வு எழுதிய மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், தடுமாறுவது சகஜம், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றார்கள். இன்னொரு பிரிவினரைப் புத்திசாலிகள் என்று புகழ்ந்தார்கள். மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் முதல் பிரிவினர்தான். திட்டு விழும் என்றால் மனம் தவற்றைத் திரும்பிப் பார்க்கவே அஞ்சும் (அடிக்கிற வாத்தியாரிடம் யார் சந்தேகம் கேட்டார்கள்?). தன்னை மன்னிப்பது வேறு, தவற்றை மூடிமறைப்பது வேறு. அதற்குப் பெயர் சாக்கு. இதே தவற்றைத் தோழி செய்திருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை உங்களுக்கே ஒரு தாளில் எழுதுங்கள். திருத்த வேண்டியதை அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.